நாற்பது ஆண்டுக்குப் பின் ஓர் இசைத்தட்டு



ஐந்தாம் ஆண்டில் படிக்கும் மாணவன் ஒருவன் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டான். “சார், ரீமிக்ஸ் என்றால் பழைய பாட்டுக்கு டமார் டுமீர் என்று புது மேளம் அடிப்பதுதானே?” என்றான். வகுப்பே சிரித்தது. ஆனால் அவன் கேட்டதில் சிரிக்க ஒன்றுமில்லை. நம் திருமண வீடுகளிலும் தோட்டத்துத் திருவிழாக்களிலும் ஒலிபெருக்கியில் கேட்கும் ரீமிக்ஸ் அப்படித்தானே இருக்கிறது! பழைய திரைப்பாடலை எடுத்து, வேகத்தைக் கூட்டி, புதுத் தாளத்தைச் சேர்த்து விடுகிறார்கள். பாட்டியின் பட்டுப்புடவையைக் கத்தரித்துப் பேத்திக்குச் சட்டை தைப்பதைப் போன்றது அது. அதைக் குற்றம் என்று சொல்ல மாட்டோம். சட்டையும் தேவைதான்.

ஆயினும் அதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. புடவையை வெட்டாமல், அதில் படிந்த அழுக்கை நீக்கி, மங்கிய சரிகையை மீண்டும் மின்னச் செய்து, புடவையாகவே திருப்பித் தருகிற வேலை அது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். அதற்கு இங்கிலாந்தில் 1969ஆம் ஆண்டில் பதிவான ஓர் இசைத்தட்டை எடுத்துக்கொள்வோம். ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அந்தத் தட்டுக்கு வந்த சோதனைகள் வேறு பல தட்டுகளுக்கும் வந்தவை. ஆனால் இதில் நடந்தவை படிப்படியாக வெளியே தெரிந்திருக்கின்றன. பாடம் சொல்ல வசதியான உதாரணம்.

தட்டின் பெயர் ‘இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்’. செவ்வரசனின் அவையில் என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். இசைத்த குழுவின் பெயர் கிங் கிரிம்சன். கிட்டார் வாசித்தவர் ராபர்ட் ஃபிரிப். புல்லாங்குழல், சாக்சபோன், விசைப்பலகைக் கருவிகள் ஆகியவற்றை இயன் மெக்டொனால்டு ஏற்றார். கிரெக் லேக் பாடினார். பேஸ் கிட்டாரும் அவரே. மைக்கேல் ஜைல்ஸ் டிரம்ஸ் அடித்தார். ஐந்தாமவரான பீட்டர் சின்ஃபீல்டு எந்தக் கருவியையும் தொடவில்லை. பாடல் எழுதுவதும் மேடை விளக்குகளைக் கவனிப்பதும் அவர் வேலை. எல்லாரும் இருபது வயதுகளில் இருந்த இளைஞர்கள். 1969 ஜனவரியில்தான் முதல் ஒத்திகை. அந்த ஜூலை 5ஆம் நாள் லண்டன் ஹைடு பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு நடத்திய இலவச நிகழ்ச்சியில் பெருங்கூட்டத்தின் முன் வாசித்தார்கள். அக்டோபர் 10ஆம் நாள் தட்டு வெளிவந்தது. ஆண்டு முடிவதற்குள் மெக்டொனால்டும் ஜைல்ஸும் விலகுவதென்று முடிவு செய்துவிட்டார்கள். ஓராண்டு கூடத் தாங்காத கூட்டணி, ஐந்து பாடல்கள், ஏறத்தாழ 44 நிமிடம். இருந்தும் இன்றுவரை பேசப்படுகிறது.

இவ்வகை இசைக்குப் ‘புரோகிரசிவ் ராக்’ என்று பெயர். மூன்று நிமிடத்தில் முடியும் நடனப் பாட்டாக இல்லாமல் மேற்கத்தியச் செவ்விசை, ஜாஸ், நாட்டுப்பாடல் எல்லாவற்றையும் ராக் இசையோடு சேர்த்து, ஒரே பாட்டைப் பத்து நிமிடம், பன்னிரண்டு நிமிடம் என்று விரித்துப் பாடுவார்கள். ஒரு பாட்டுக்குள்ளேயே புயலும் வரும், அமைதியும் வரும். கேட்பவர் உட்கார்ந்து கேட்க வேண்டும். சமைத்துக்கொண்டே கேட்கிற இசை அன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

இனி, இது எப்படிப் பதிவாயிற்று என்று பார்ப்போம். முதலில் ஒரு தயாரிப்பாளரை வைத்துக்கொண்டு பதிவைத் தொடங்கினார்கள். அது ஒத்துவரவில்லை. பிறகு லண்டனில் உள்ள வெசெக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில், 1969 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், தங்கள் பொறுப்பிலேயே பதிவு செய்தார்கள். அங்கே இருந்தது எட்டுத் தட ஒலிப்பதிவுக் கருவி. ஓர் அங்குல அகலமுள்ள காந்த நாடா ஒன்று. அதில் எட்டு வரிகள் நீளவாக்கில் ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியும் ஒரு தடம். ஒரு தடத்தில் டிரம்ஸ், ஒன்றில் பேஸ், ஒன்றில் கிட்டார், ஒன்றில் குரல் என்று தனித்தனியே பதியலாம். ஒன்றைப் பதியும்போது மற்றவற்றைக் காதில் கேட்டுக்கொண்டே வாசிக்கலாம்.

எல்லாம் பதிந்தானதும் எட்டுத் தடங்களையும் ஒன்றாகக் கலந்து இரண்டு தடமாக ஆக்க வேண்டும். இடது ஒலிபெருக்கிக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. இந்தக் கலவைக்குத்தான் ‘மிக்ஸ்’ என்று பெயர். குரல் எவ்வளவு உரத்து வர வேண்டும், புல்லாங்குழல் எந்தப் பக்கம் ஒலிக்க வேண்டும், எதிரொலி எவ்வளவு என்பதையெல்லாம் கலப்பவர் தீர்மானிக்கிறார்.

ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். பால் வெட்டியவர்கள் வரிசையாக வாளிகளோடு ஸ்டோருக்கு வருகிறார்கள். நிறுக்கும் வரையில் ஒவ்வொருவர் பாலும் தனி. பெரிய தொட்டியில் கொட்டிய பிறகு எது யாருடைய பால்? யாராலும் பிரிக்க முடியாது. கலந்து முடிந்த இரு தட நாடா என்பது தொட்டிப் பால். தொட்டிப் பாலுக்கு அமிலம் சேர்க்கலாம், தண்ணீர் சேர்க்கலாம், பிரிக்க முடியாது. அதுபோல் கலவை நாடாவை வைத்துக்கொண்டு ஒலியைச் சற்றே பிரகாசமாக்கலாம், உரப்பாக்கலாம், இரைச்சலைக் குறைக்கலாம். அதற்கு ‘ரீமாஸ்டர்’ என்று பெயர். குரலை மட்டும் முன்னே கொண்டுவர வேண்டும் என்றால் அதனால் ஆகாது. அந்தக் காலத்தில் அதற்கு வாளிகளுக்குத் திரும்பிப் போக வேண்டியிருந்தது. அப்படி எட்டுத் தட நாடாவுக்கே திரும்பிப் போய்ப் புதிதாகக் கலப்பதுதான் உண்மையான ‘ரீமிக்ஸ்’. நம் உவமை ஓரிடத்தில் தவறும். பாலைத் தொட்டியில் கொட்டினால் வாளி காலியாகிவிடும். ஒலிநாடாவில் அப்படியில்லை. கலந்த பிறகும் எட்டுத் தட நாடா அப்படியே இருக்கும், யாரேனும் பத்திரமாக வைத்திருந்தால்.

ஒரு சிக்கல் வருகிறது. ஐந்து இளைஞர்களின் கற்பனைக்கு எட்டுத் தடம் போதவில்லை. குறிப்பாக மெல்லோட்ரான் என்ற கருவியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். விந்தையான கருவி அது! பார்க்க ஆர்மோனியத்தின் பெரியண்ணன் போல் இருக்கும். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு துண்டு ஒலிநாடா. அந்த நாடாவில் வயலின்கள் வாசித்த ஒரே ஒரு சுரம் முன்பே பதிந்திருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும், வயலின் கூட்டம் ஒலிக்கும். ஏறத்தாழ எட்டு நொடியில் நாடா தீர்ந்துவிடும். கையை எடுத்து மீண்டும் அழுத்த வேண்டும். பெரிய வாத்தியக் குழுவுக்குக் கூலி கொடுக்க வசதியில்லாத இளைஞர்களுக்கு அதுவே வாத்தியக் குழுவாயிற்று.

தடம் போதாதபோது என்ன செய்வார்கள்? நிரம்பிய தடங்களைக் கலந்து வேறொரு நாடாவில் ஒன்றிரண்டு தடங்களாகச் சுருக்கிப் பதிவார்கள். மீதித் தடங்கள் காலியாகக் கிடைக்கும். அங்கே இன்னும் சிலவற்றைப் பதிவார்கள். நாலு பாத்திரத்துக் குழம்பை ஒரே பாத்திரத்தில் ஊற்றிவிட்டுப் பாத்திரங்களைக் கழுவி மறுபடி அடுப்பில் வைப்பது போல. இடம் கிடைக்கிறது, ஆனால் ஒவ்வொரு முறை நாடாவிலிருந்து நாடாவுக்கு மாற்றும்போதும் ஒலி சிறிது மங்குகிறது, ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் சிறிது கூடுகிறது.

அத்துடன் விட்டதா சோதனை? கடைசிக் கலவையைப் பதிந்த இரு தடக் கருவியில் பதிவுத் தலை சரியாகப் பொருத்தப்படாமல் இருந்தது பிறகுதான் தெரியவந்தது. நாடா உரசிச் செல்லும் அந்தச் சிறு காந்தத் தலை இம்மியளவு பிசகினாலும் போதும், மேலொலிகள் குறைந்துவிடும். சலங்கையின் கிண்கிணி, சிம்பலின் சிலிர்ப்பு முதலியவை முதலில் போய்விடும். தேவையில்லாத கரகரப்பும் சேர்ந்தது. தட்டின் முதல் பாட்டில் அது நன்றாகத் தெரிந்தது. அமெரிக்காவில் வெளியிடுவதற்கு முன் அதைக் கொஞ்சம் சரிக்கட்டி ஒரு நகல் எடுத்தார்கள். அந்த நகல்தான் பிறகு ஊர் ஊராகப் போன நகல்களுக்கெல்லாம் தாயாயிற்று. அசல் கலவை நாடா எங்கோ ஓர் அலமாரியில் போடப்பட்டது. நாளடைவில் காணாமற்போனது என்றே எண்ணிவிட்டார்கள்.

கரித்தாள் வைத்து எழுதிய காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். மேல் தாளில் எழுத்து பளிச்சென்று இருக்கும். நாலாவது நகலில் ‘க’வா ‘சு’வா என்று கிராணியார் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகம் கேட்டது அந்த நாலாவது நகலைத்தான். நாமும் அதைத்தான் கேட்டோம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி விடுதியில் நம் அறை நண்பர் ஒருவர் ஒரு கசெட் வைத்திருந்தார். அவருடைய அண்ணன் யாரிடமோ வாங்கிப் பதிந்தது. அந்த ‘யாரோ’ இன்னொருவரிடம் வாங்கிப் பதிந்தது. இரவு விளக்கணைத்த பிறகு சன்னமாக வைத்துக் கேட்போம். பாட்டுக்கு முன்னால் ‘ஸ்ஸ்’ என்று மழை பெய்யும். மெல்லோட்ரான் என்பது நமக்கு மூடுபனிக்குள் யாரோ அழுவது போன்ற ஓர் ஒலி. அதுவே அதன் இயல்பு என்று நம்பினோம். அவ்வளவு மங்கலிலும் அது மனத்தைத் தொட்டது என்றால் அந்த இளைஞர்களின் திறமையை என்னவென்பது!

1980களில் குறுந்தட்டு வந்தபோது, இரைச்சலே இல்லாத இசை என்று விளம்பரம் செய்தார்கள். ஆனால் பல நிறுவனங்கள் கைக்கு எட்டிய நகல் நாடாவையே எடுத்துக் குறுந்தட்டாக்கின. கண்ணாடியைத் துடைத்தோம், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த படமோ மங்கல் படம். கிங் கிரிம்சனின் தட்டுக்கும் அந்தக் கதிதான். 2000களின் தொடக்கத்தில்தான் அந்த அசல் கலவை நாடா மீண்டும் கிடைத்தது. அதிலிருந்து 2004இல் ஒரு பதிப்பு வந்தது. மூடுபனி பாதி விலகியது. ஆனால் அதுவும் தொட்டிப் பால்தான் அல்லவா?

வாளிகளைத் தேடிப் போனது 2009இல். தட்டுக்கு நாற்பது வயது. அந்த வேலையைச் செய்தவர் ஸ்டீவன் வில்சன் என்ற ஆங்கிலேயர். போர்க்குப்பைன் ட்ரீ என்ற குழுவை நிறுவிய இசைக்கலைஞர். 1967 நவம்பரில் பிறந்தவர். தட்டு முதலில் வெளிவந்தபோது அவருக்கு இரண்டு வயது கூட நிறையவில்லை. ராபர்ட் ஃபிரிப்பின் ஒப்புதலோடும் துணையோடும் அவர் அதைச் செய்தார்.

அவர் செய்தது என்ன? சுருக்கிப் பதிந்த கடைசி நாடாவை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. சுருக்குவதற்கு முன்பிருந்த முதல் நாடாக்களையும் எடுத்தார். எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினார்கள். இரண்டு நாடாக்கள் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. மயிரிழை வித்தியாசம் இருக்கும். ஒரு பாட்டின் நீளத்தில் அந்த மயிரிழை பெரிதாகித் தாளமே பிசகிவிடும். ஆகவே ஒவ்வொன்றையும் மற்றதோடு பொருத்தி நிறுத்த வேண்டும். பொருத்தியதும், 1969இல் யாருமே கேட்டிராத நிலையில் எல்லாக் கருவிகளும் அவர் முன் தனித்தனியே நின்றன. மைக்கேல் ஜைல்ஸ் அடித்த டிரம்ஸ், சுருக்கி மாற்றும் நஷ்டம் எதுவும் இல்லாமல், கூடத்தில் எப்படிப் பதிந்ததோ அப்படி.

கையில் சுத்தமான ஒலி கிடைத்துவிட்டது. அதை வைத்து என்ன வேண்டுமானாலும் செய்யலாம். அங்கேதான் மனிதரின் குணம் தெரிகிறது. வில்சன் பழைய கலவையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, சில நொடிகளைக் கேட்பது, தம் கலவையை அதற்கு ஒப்பிடுவது, மீண்டும் கேட்பது என்று பாட்டை நகர்த்துவார். 1969இல் கலப்பவர்கள் கைவிரலால் விசைகளை ஏற்றியும் இறக்கியும் நேரடியாகக் கலந்தார்கள். எந்த நொடியில் எதை ஏற்றினார்கள் என்பதைக் கருவி நினைவில் வைத்துக்கொள்ளாது. காதால் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம் இன்னொரு நுட்பம்: எது பிழை, எது வேண்டுமென்றே செய்தது என்று பிரித்தறிய வேண்டும். முதல் பாட்டில் கிரெக் லேக்கின் குரல் உடைந்த ஒலிபெருக்கியில் கத்துவது போல் கரகரக்கும். அதைக் கேட்டு ‘ஐயோ, நாடா கெட்டுவிட்டது’ என்று சுத்தம் செய்தால் பாட்டே போயிற்று! அந்தக் கரகரப்பை அவர்களே விரும்பிச் செய்தார்கள். பதிவுத் தலை பிசகியதால் வந்த கரகரப்பு வேறு. முன்னதைக் காக்க வேண்டும், பின்னதை நீக்க வேண்டும். இதற்குக் கணினி போதாது, காது வேண்டும். பாட்டின்மேல் நீண்ட நாள் பழக்கமும் வேண்டும்.

பலனைச் சொல்கிறோம். முதல் பாட்டின் கடைசியில் எல்லாக் கருவிகளும் மோதிக்கொண்டு ஒரே அமளி. சட்டென்று நிற்கும். அடுத்த கணமே புல்லாங்குழல் தொடங்கும், மிக மெல்ல. பெருமழை விட்டதும் தகரக் கூரையிலிருந்து சொட்டுவது போல. விடுதிக் கசெட்டில் அந்தச் சொட்டல் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலில் கரைந்துபோயிருந்தது. புதிய கலவையில் குழலின் மூச்சே கேட்கிறது. நாம் வாயடைத்துப்போய் இரண்டு முறை திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டோம். மூடுபனிக்குள் அழுத அந்த உருவத்துக்கு முகம் வந்துவிட்டது.

இந்த மென்மையும் உரப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. அதைக் கெடுப்பதற்கும் ஒரு பழக்கம் உண்டு. 1990களிலும் அதன் பிறகும் பல மறுபதிப்புகளில் மெல்லிய ஒலியையெல்லாம் மேலே தூக்கி, உரத்த ஒலியை மட்டம் தட்டி, எல்லாவற்றையும் ஒரே உரப்பாக ஆக்கினார்கள். கடையில் போட்டதும் ‘ஆகா, என்ன சத்தம்!’ என்று வாங்குபவர் நினைப்பார் அல்லவா? வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் கேட்டால் தலைவலி. எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தும் வீட்டில் யார் பேச்சும் காதில் விழாது. வில்சன் இந்தப் பழக்கத்துக்கு எதிரானவர். அவர் கலந்த தட்டுகளில் மெல்லியது மெல்லியதாகவே இருக்கும். கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் கேட்டால் சத்தம் குறைவு என்று தோன்றும். நல்ல காதொலிப்பானில் கேட்டால் புரியும்.

2009இல் இரண்டு ஒலிபெருக்கிகளுக்கான கலவையோடு, ஐந்து ஒலிபெருக்கிகளும் ஓர் அடித்தொனிப் பெட்டியும் சுற்றிலும் வைத்துக் கேட்பதற்கான கலவையும் வெளிவந்தது. நம் வீட்டில் அவ்வளவு பெட்டிகளை வைத்தால் நாம் வெளியே படுக்க வேண்டியதுதான். ஆகவே அதை அதிகம் விவரிக்கவில்லை.

இனி ஒரு வழக்கு. ‘மூன்சைல்டு’ என்ற நாலாவது பாட்டு பன்னிரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். பாடும் பகுதி சில நிமிடங்களில் முடிந்துவிடும். மீதியெல்லாம் கிட்டாரும் வைப்ரஃபோனும் டிரம்ஸும் மிக மெல்லிய குரலில் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது. முன்கூட்டி எழுதாமல் அந்த நேரத்தில் தோன்றியதை வாசித்தது. பலர் அந்த இடத்தில் பொறுமையிழப்பார்கள். நம் விடுதி நண்பர் எழுந்து நாடாவை ஓட்டிவிடுவார். 2009 கலவையில் அதிலிருந்து ஏறக்குறைய மூன்று நிமிடத்தை வெட்டிவிட்டார்கள். ஃபிரிப் தாமே உடன்பட்ட வெட்டு. தாம் வாசித்ததைத் தாமே குறைப்பதற்கு அவருக்கு உரிமை இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு.

நமக்கு அது சம்மதமில்லை. நாற்பது ஆண்டு ஒரு பாட்டு மக்களிடம் புழங்கிய பின் அது வாசித்தவருக்கு மட்டும் சொந்தமானது அன்று. அலுப்பாக இருந்தாலும் அந்த அலுப்பும் 1969இன் ஒரு பகுதி. அந்த இளைஞர்கள் அவ்வளவு துணிந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. இருபத்து மூன்று வயது ஃபிரிப் வாசித்ததை அறுபத்து மூன்று வயது ஃபிரிப் திருத்துகிறார். இருவரில் யார் பேச்சைக் கேட்பது? ஆனால் நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்: வெட்டாத முழுப் பாட்டையும் அதே குறுந்தட்டில் கூடுதலாகச் சேர்த்தே கொடுத்தார்கள். எதையும் மறைக்கவில்லை. அந்த நேர்மைக்காக நம் கோபம் பாதியாகிறது.

வேறு தட்டுகளிலும் வில்சன் கை வைத்தார். ஜெத்ரோ டல் குழுவின் ‘அக்வாலங்’ 1971இல் வந்தது. பாட்டுகள் அருமை, ஒலி மட்டும் கம்பளியைப் போர்த்தியது போல் என்று அந்தக் காலத்திலிருந்தே குறை சொன்னார்கள். புதிதாகத் திறந்த கூடத்தில் பதிந்தது; அந்தக் கூடம் குழுவினருக்கே பிடிக்கவில்லை. 2011இல் வில்சனின் புதுக் கலவை வந்ததும், இப்போதுதான் அந்தத் தட்டைக் கேட்கிறோம் என்று ரசிகர்கள் சொன்னார்கள். யெஸ் குழுவின் ‘குளோஸ் டு தி எட்ஜ்’ 1972இல் வந்தது. அதற்கு 2013இல் புதுக் கலவை வந்தது. அந்தத் தட்டின் பழைய ஒலியிலேயே நமக்குக் குறை தெரியவில்லை. ஆகவே அங்கே புதுக் கலவை அவசியமா என்று கேட்டால், ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம் என்போம், அவ்வளவுதான்.

இதில் வியாபாரம் இல்லையா? தாராளமாக இருக்கிறது. நாற்பதாம் ஆண்டுக்கு ஒரு பதிப்பு, 2019இல் ஐம்பதாம் ஆண்டுக்கு மறுபடி ஒரு புதுக் கலவை, 2020இல் அந்த 1969 பதிவுகளையெல்லாம் திரட்டி 26 தட்டுகள் அடங்கிய ஒரு பெட்டி! ஐந்து பாட்டுக்கு 26 தட்டு. சம்பள நாளன்று தோட்டத்துக்கு வந்து ஒரே புடவையை மூன்று நிறத்தில் விரித்துக் காட்டும் துணி வியாபாரியை நினைத்துக்கொண்டோம். எல்லாம் வாங்க வேண்டியதில்லை. ஒன்று கேட்டால் போதும். ஆனால் அந்தப் பெட்டி விற்கும் பணம்தான் பழைய நாடாக்களைக் குளிரறையில் வைத்துக் காப்பதற்கும் கூலியாகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

நாடா இருந்தால்தானே கலப்பது? 2008 ஜூன் 1ஆம் நாள் அமெரிக்காவின் ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டூடியோ வளாகத்தில் தீப்பிடித்தது. அங்கே இருந்த ஒலிநாடாக் கிடங்கும் எரிந்தது. பல கலைஞர்களின் அசல் நாடாக்கள் அதில் போயின. எவ்வளவு போனது என்ற செய்தி 2019இல்தான் பரவலாக வெளியே தெரிந்தது. நெருப்பு மட்டுமா? ஈரமும் எதிரி. 1970களின் நடுவிலிருந்து செய்த சில வகை நாடாக்களில் காந்தத் தூளை ஒட்ட வைத்திருக்கும் பசை காற்றின் ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுத்துவிடும். ஓட்டினால் தூள் உரிந்து வந்துவிடும். நிபுணர்கள் அத்தகைய நாடாவை ஏறத்தாழ 50 பாகை வெப்பத்தில் பல மணி நேரம் வைத்து உலர்த்தி, பிறகு ஓட்டி நகலெடுப்பார்கள். ரொட்டி சுடுவது போல் நாடா சுடுகிறார்கள்! தயவுசெய்து வீட்டு அடுப்பில் யாரும் இதை முயலாதீர்கள்.

லண்டன் நாடாவைப் பற்றி இவ்வளவு பேசிய நாம் நம் வீட்டு நாடாவைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். நம் தந்தையார் ஒரு கசெட்டில் பாட்டியின் குரலைப் பதிந்து வைத்திருந்தார். பாட்டி பால்மரக் காட்டிலேயே வாழ்க்கையைக் கழித்தவர். பேரப்பிள்ளைகளுக்குப் பாடிய தாலாட்டு, நடுநடுவே ‘போதும்ப்பா, மூச்சு வாங்குது’ என்ற பேச்சு. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் வானொலியில் வந்த ஒரு திரைப்பாடலைப் பதியக் கசெட் தேடியபோது கையில் அகப்பட்டது அதுதான். மேலே பெயர் எழுதியிருக்கவில்லை. இரண்டு பக்கமும் நிறையப் பதிந்தோம். பாட்டி அப்போதே காலமாகிவிட்டார். தந்தையார் அடிக்கவில்லை. கசெட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தார். நாடாவின் கடைசியில் திரைப்பாடல் எட்டாத இடத்தில் அரை நிமிடம் பாட்டி மிச்சமிருந்தார். அதைக் கேட்டுவிட்டுப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். அவ்வளவுதான்.

கசெட்டின் மேல்விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தடுப்புகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் அதன்மேல் பதிய முடியாது. ஒரு நகத்தால் செய்கிற வேலை. அன்றைக்கு யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

அந்த அரை நிமிடத்தைச் சில ஆண்டுகளுக்கு முன் கணினியில் ஏற்றினோம். இரைச்சலை நீக்கும் ஒரு செயலியை ஒரு நண்பர் கொடுத்தார். நீக்கினால் பாட்டியின் குரல் பளிச்சென்று வந்தது. ஆனால் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த லயத்துத் தகரத்தின் மேல் விழும் தூறல் காணாமற்போனது. செயலிக்கு இரைச்சலும் தூறலும் ஒன்றுதான். பிறகு நீக்காத பிரதியையும் வைத்துக்கொண்டோம்.

உங்கள் வீட்டிலும் பழைய கசெட்டுகள் இருக்கலாம். திருமணத்தில் வாசித்த நாதசுரம், தோட்டத்துக் கோயிலில் அடித்த உறுமி, ஊருக்குப் போன மாமா பேசி அனுப்பியது. எடுத்துப் பாருங்கள். நாடாவின் விளிம்பில் வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தால் கருவியில் போடாதீர்கள். அது கருவிக்கும் தொற்றி அடுத்த கசெட்டையும் கெடுக்கும். தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். நன்றாக இருந்தால் முதலில் தடுப்பை உடைத்துவிடுங்கள். ஒலிபெருக்கியின் மேல் வைக்காதீர்கள். அதற்குள் காந்தம் இருக்கிறது. நகலெடுப்பதானால் அசலிலிருந்து எடுங்கள், நகலிலிருந்து வேண்டாம். எடுத்து முடித்ததும் அசலைத் தூக்கி எறியாதீர்கள். உறையின் மேல் யார் குரல், எந்த ஆண்டு என்று மறக்காமல் எழுதுங்கள்.

கேள்வி கேட்ட அந்த மாணவன் மறுநாளே ஒரு கசெட்டைக் கொண்டுவந்தான். அவன் தாத்தாவுடையதாம். உறையில் எதுவும் எழுதவில்லை. பூஞ்சணம் இல்லை. வரும் சனிக்கிழமை போட்டுப் பார்ப்பதாக இருக்கிறோம்.